சொந்தக்காரர் இல்லாத ஸ்டேஷன்

"விழுப்புரம் வேண்டாங்க" என்றாள் மர்சலின். "அங்கே என் சின்னம்மா மகன் ரயில்வேயில கார்டா இருக்கான். நாம இறங்கறப்பவே பிளாட்பாரத்துல பச்சைக் கொடியோட நிப்பான்."

ஸ்தனிஸ்லாஸ் சிவப்புப் பென்சிலை எடுத்து விழுப்புரத்தை அடித்தார்.

சாந்தோமில் கடலை ஒட்டிய சந்து ஒன்றில் அவர்கள் வீடு. கூடத்தில் ரயில்வே படம் விரித்துக் கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் டம்ளர் வைத்திருந்தார். மனிதர் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுப்பவர். ஆப்பிரிக்காவில் எந்த நதி எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். ஆனால் எழும்பூரில் ரயிலேறி, மனைவியோடு இறங்கி, பத்து நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வர அவருக்கு ஓர் ஊர் அகப்படவில்லை.

அவர் கேட்டது ஒன்றும் ஆகாததல்ல. சின்ன ஊராக இருக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்தே போய்விட வேண்டும். காலையில் ஒரு பக்கம் ரயிலில் போய் எதையாவது பார்த்துவிட்டுச் சாப்பாட்டு வேளைக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் இன்னொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு கோவில் வேண்டும். அதோடு, அந்த ஊரில் சொந்தக்காரர் ஒருவரும் இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் வண்டி நின்றுவிட்டது. சாந்தோம் குடும்பங்கள் பறங்கியர் காலத்திலிருந்து ஒன்றுக்கொன்று பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்தவை. பிள்ளைகளில் பாதிப் பேர் வாத்தியார் வேலைக்குப் போனார்கள்; மீதிப் பேர் ரயில்வேக்குப் போனார்கள். ஆகையால் பள்ளிக்கூடம் உள்ள ஊரிலும் ரயில் நிற்கிற ஊரிலும் ஒரு மாமாவோ ஒரு சித்தியோ நிச்சயம் இருப்பார்கள். அப்படிப்பட்ட ஊருக்குப் போய் வேறொரு வீட்டில் தலை சாய்த்தால் தீர்ந்தது. 'அவ்வளவு தூரம் வந்தும் நம்ம வீட்டுப் படி ஏறலை' என்ற பேச்சை அடுத்த மூன்று தலைமுறைக்குக் கல்யாண விருந்திலும் பிள்ளைகளின் புதுநன்மை விருந்திலும் பாயசத்தோடு சேர்த்துப் பரிமாறுவார்கள்.

வீட்டிலேயே இருந்துவிடலாமே என்றால், வீட்டில் இருந்தால் காஸ்பர் வந்துவிடுவார்.

காஸ்பர் மர்சலினுடைய அண்ணன். வேலூரில் மருந்துக்கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர், சங்கடமே அதுதான். வருஷா வருஷம் மே மாதம் மனைவி ஜோன், நாலு பிள்ளைகள், ஒரு கார் சகிதம் சாந்தோமுக்கு வந்து பத்து நாள் தங்குவார். பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் காரின் முதுகில் கரி அடுப்பு ஒன்றைப் பொருத்திக்கொண்டார். மெட்ராசிலேயே பிறந்து வளர்ந்த ஸ்தனிஸ்லாசை அந்தக் காரில் ஏற்றி மெட்ராசைச் சுற்றிக் காட்டுவார். பாதித் தூரம் கார் கரிப் புகையில் ஓடும். மீதித் தூரம் ஸ்தனிஸ்லாஸ் தள்ள ஓடும். போன மே மாதம் அடையாற்றுப் பாலத்தில் அவர் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவருடைய வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் சைக்கிளை விட்டு இறங்கி "குட் மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வராதீர்கள் என்று சொல்லவும் வழியில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மச்சானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மே மாசம் அவசியம் வந்துடணும், வராட்டா எங்களுக்கு ரொம்ப வருத்தம்" என்று சொல்கிறவரே ஸ்தனிஸ்லாஸ்தான். பெண் கொடுத்த வீட்டாரை அப்படிக் கூப்பிடாவிட்டால் மரியாதை இல்லை. அவ்வளவு கூப்பிட்டபின் வராமல் இருப்பது அதைவிட மரியாதைக் குறைவு.

இத்தனை வருஷமும் ஸ்தனிஸ்லாஸ் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் ஜனவரியில் ஒரே மகளைப் பெங்களூர்க்காரருக்குக் கட்டிக் கொடுத்து, ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது, ரிக்ஷாவில் மர்சலின் ஒரு வார்த்தை சொன்னாள். "நாம ரெண்டு பேர் மட்டும் எங்கேயும் ரயில்ல போனதே இல்லீங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். அவருக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. யுத்தமும் முடிந்தாயிற்று, அவசியமில்லாமல் ரயிலில் போகாதே என்று ஸ்டேஷனில் ஒட்டியிருந்ததையும் கிழித்தாயிற்று. இந்த மே மாதம் மர்சலினை ரயிலில் அழைத்துப் போகாவிட்டால் தான் ஒரு புருஷனே இல்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

மர்சலினுக்குத் தெரிந்த சொந்தம் விழுப்புரத்தோடு முடிந்துவிட்டது. மற்ற ஊர்களைப் பற்றிக் கேட்க ஊரில் ஒரே ஆள்தான் உண்டு. எதிர்வீட்டு ஃப்ளோரன்ஸ் அக்கா. கோவிலில் ஞானஸ்நானப் பதிவெல்லாம் கரையான் அரித்துப் போனாலும் சாமியார் கவலைப்பட வேண்டியதில்லை. அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் போதும். ஆனால் காரணம் சொல்லாமல் அவளிடம் எதையும் கேட்க முடியாது. உண்மைக் காரணத்தைச் சொன்னாலோ அது வேலூருக்குத் தந்தியைவிட வேகமாகப் போய்ச் சேரும்.

"திண்டிவனத்துல நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களாக்கா?" என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோல ஸ்தனிஸ்லாஸ் கேட்டார்.

"எதுக்கு வாத்தியாரே?"

ஸ்தனிஸ்லாசுக்கு வேர்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்து டிராயிங் மாஸ்டர் ஆம்ப்ரோஸ் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவோடு போனார். நாற்பது வயதாகியும் கல்யாணமாகாதவர்.

"நம்ம ஆம்ப்ரோசுக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு கிடைக்குமான்னு பாக்கத்தான்."

ஃப்ளோரன்ஸ் அக்காவின் முகம் பெரிய பண்டிகைக்குப் பீடத்தை ஜோடித்ததுபோல் மலர்ந்தது. திண்டிவனத்தில் தாலூகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவருக்கு மூன்றாவது பெண் இருப்பதாகச் சொன்னாள். அந்தக் குமாஸ்தா ஸ்தனிஸ்லாசுக்கே தாய்வழியில் பெரியப்பா முறை என்பதையும் சொன்னாள். ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக்கு வந்து திண்டிவனத்தை அடித்தார்.

மறுநாள் மதுராந்தகத்தைப் பற்றி விசாரித்தார். அங்கேயும் ஒரு பெண் இருந்தாள். அவள் தகப்பனாரும் சொந்தம். அதற்கடுத்த நாள் செங்கல்பட்டு. அங்கே இரண்டு பெண்கள் இருந்தார்கள். சிவப்புப் பென்சில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக மெட்ராசைப் பார்த்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஃப்ளோரன்ஸ் அக்காவோ, அந்த ஆம்ப்ரோஸ் கல்யாண ஆசை தாங்காமல் ரயில் பாதை நெடுகப் பெண் தேடுகிறார் என்று புரிந்துகொண்டு, நாலு பேரிடம் இரக்கப்பட்டுச் சொன்னாள்.

அந்த வாரமே ஆம்ப்ரோஸ் வந்துவிட்டார். தலைக்குச் சாயம் அடித்திருந்தார். ஸ்தனிஸ்லாசின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மனசுல இருந்தது உங்களுக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?" என்றார்.

தனக்குப் பெரியவர்கள் என்று ஆண்பிள்ளை யாரும் இல்லாததால், பெண் பார்க்கப் போகும்போது ஸ்தனிஸ்லாஸ்தான் கூட வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மே மாதம் முதலில் திண்டிவனம், திரும்பும்போது மதுராந்தகம், பிறகு செங்கல்பட்டு என்று அக்கா ஏற்பாடு செய்தாயிற்றாம். லீவு முழுவதும் ஆம்ப்ரோஸ் பக்கத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிடுவதை ஸ்தனிஸ்லாஸ் நினைத்துப் பார்த்தார். அவர் வாய் தானாகவே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டது.

"மே மாசம் நான் ஊரில இருக்க மாட்டேன் ஆம்ப்ரோஸ். மர்சலினுக்கு உடம்பு சரியில்லை. எங்கேயாவது காற்று மாத்திக் கூட்டிட்டுப் போகச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கார்."

பொழுது சாய்வதற்குள் ஃப்ளோரன்ஸ் அக்கா ஆட்டுக்கால் சூப்போடு வந்து நின்றாள். அவள் பின்னால் கோவில் பெண்கள் ஏழெட்டுப் பேர் நவநாள் ஜெபம் சொல்ல வந்தார்கள். சித்திரை வெயிலில் மர்சலின் கழுத்து வரைக்கும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கட்டிலில் படுத்தாள். ஒன்பது நாளும் படுத்தாள். கடைசி நாள் எல்லாரும் போன பிறகு சால்வையை உதறிவிட்டு எழுந்து, "இதுக்கு எங்கண்ணன் காரையே தள்ளியிருக்கலாம்" என்றாள். ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அதற்குள் அக்கா, வேலூருக்கு ஒரு கடிதாசி போட்டுவிடட்டுமா என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். ஸ்தனிஸ்லாஸ் முந்திக்கொண்டார். பயப்பட ஒன்றுமில்லை, வெறும் அசதிதான், மே மாதம் ஊரில் இருக்க மாட்டோம் என்று மச்சானுக்கு எழுதினார். எழுதி முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அந்தத் தங்கமான மனிதர் கிளம்பிவிட்டால் என்ன செய்வது? கீழே இன்னொரு வரி சேர்த்தார். கரிப் புகை மட்டும் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னதாக எழுதிவிட்டார்.

காஸ்பர் உடனே பதில் போட்டார். தங்கை உடம்புதான் முக்கியம், எங்களைப் பற்றி ஒரு கவலையும் வேண்டாம், நாங்கள் எப்படியோ பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். ஒரு குத்தல் பேச்சில்லை. ஸ்தனிஸ்லாஸ் அதை இரண்டு தடவை படித்தார். வருஷத்தில் ஒரு தடவை கடலைப் பார்க்க வரும் நாலு குழந்தைகளையும் ஏமாற்றிவிட்டோமே என்று வெட்கப்பட்டார். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சாந்தோம் சாமியாரிடம் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று ஊரே கேட்டது. யாரும் வந்து பார்க்கக் கூடாது என்பதற்காக ஊர்ப்பெயரைச் சொல்ல வேண்டாமென்று டாக்டர் உத்தரவு என்றார். அதைக் கேட்ட ஃப்ளோரன்ஸ் அக்கா முந்தானையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

உண்மையில் ஊர்ப்பெயர் அவருக்கே தெரியாது. சிவப்புப் பென்சில் தாம்பரத்துக்கு வந்துவிட்டது. அங்கே ஆம்ப்ரோசின் அத்தை இருந்தாள், தாம்பரத்தையும் அடித்தாயிற்று. லீவு விட இரண்டே நாள் இருக்கும்போது, ஆசிரியர் அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணக்கு வாத்தியார் ஸ்ரீனிவாசராகவனும் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"உமக்கென்ன ஓய் கவலை?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"கும்பகோணத்துல பொண்ணுக்குப் பிரசவம். எல்லாருமாக் கிளம்பறோம். மாம்பலத்துல ஆத்தைப் பாத்துக்க ஒரு மனுஷா இல்லை. அந்தப் பக்கத்துல பாதி வீடு லீவுக்குப் பூட்டிக் கிடக்கறது, திருடனுக்குக் கொண்டாட்டம்."

ஸ்தனிஸ்லாஸ் மெல்லத் தலையைத் தூக்கினார். மாம்பலம். தியாகராய நகரில், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. வாசலில் எலெக்ட்ரிக் ரயில். ஒரு பக்கம் பீச், மறு பக்கம் தாம்பரம். சைதாப்பேட்டையில் இறங்கினால் சின்னமலைக் கோவில், இன்னும் கொஞ்சம் போனால் பரங்கிமலைக் கோவில். எல்லாவற்றையும்விட, மாம்பலத்தில் சொந்தக்காரர் எவரும் இல்லை. இத்தனை நாளாகத் தென்னிந்தியா பூராவும் தேடியது வீட்டிலிருந்து நாலு மைலில் கிடந்தது.

ஸ்ரீனிவாசராகவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். "மீன் மாத்திரம் வேண்டாம். எங்காத்து மாமிக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. ஆறு மாசம் கழிச்சுக் கண்டுபிடிச்சுடுவா."

போகிற அன்றைக்கு இன்னொரு தொல்லை வந்தது. உடம்பு சரியில்லாதவளை வழியனுப்பாமல் விடுவார்களா? ஃப்ளோரன்ஸ் அக்கா, ஆம்ப்ரோஸ், நவநாள் பெண்கள் எல்லாரும் எழும்பூருக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் எதிரில் மாம்பலத்துக்கு டிக்கெட் கேட்க முடியுமா? அங்கிருந்து வண்டி மாறிப் போக வேண்டும் என்று சொல்லி, ஸ்தனிஸ்லாஸ் செங்கல்பட்டுக்கு டிக்கெட் வாங்கி, தெற்கே போகும் வண்டியில் மனைவியை ஏற்றி, பெட்டி படுக்கையை ஏற்றி, ரேஷன் அரிசி டின்னையும் ஏற்றினார். அக்கா ஜன்னல் வழியாக மர்சலினின் நெற்றியில் சிலுவை போட்டு அழுதாள். அந்த வண்டி மாம்பலத்தில் நிற்காது. புருஷனும் பெண்சாதியும் தாங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் ஜன்னலுக்கு வெளியே ஓடிப் போவதைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

தாம்பரத்தில் குதித்து இறங்கி, ஆம்ப்ரோசின் அத்தை கண்ணில் படாமல் இருக்க ஸ்தனிஸ்லாஸ் படுக்கைச் சுருட்டைத் தலையில் வைத்து முகத்தை மறைத்துக்கொண்டு, அடுத்த பிளாட்பாரத்துக்கு ஓடினார். எலெக்ட்ரிக் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு மர்சலினைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படிக் குலுங்கிச் சிரித்து அவர் பார்த்து வெகு நாளாகிவிட்டது.

"இப்ப நாம ரெண்டு பேரும் ரயில்ல போயிட்டோம்" என்றாள்.

"அதுவும் ரெண்டு ரயில்ல" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

அடுத்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுகமாக இருந்தவர்கள் கதையில் சொல்ல என்ன இருக்கிறது? காலையில் ரயிலேறினார்கள். ஒரு நாள் பீச் ஸ்டேஷனில் இறங்கிக் கப்பலைப் பார்த்தார்கள். ஒரு நாள் பரங்கிமலைப் படியை நின்று நின்று ஏறினார்கள். ஒரு நாள் எங்கும் இறங்காமல் தாம்பரத்துக்கும் பீச்சுக்குமாகப் போய்ப் போய் வந்தார்கள். மீன் ஆசை வந்தால் சைதாப்பேட்டையில் இறங்குவார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே அமீனா பீ என்ற அம்மாள் வஞ்சிரம் வறுத்து விற்றாள். தின்றுவிட்டு, மாமியின் மூக்கை நினைத்துக் கையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு ரயிலேறுவார்கள். தெருவில் போகும்போது மட்டும், தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டால் என்ற பயத்தில் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்வார்கள். பொதுவாக மாம்பலத்தில் மே மாதம் எல்லாருமே குடையைத் தாழ்த்தித்தான் பிடித்திருந்தார்கள்.

வீட்டு வேலைக்குத் தேவானை என்ற பெண்ணை ஸ்ரீனிவாசராகவன் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார். அந்த வரிசையில் பூட்டாத வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் இறைத்து, வாசல் தெளித்து, பாத்திரம் தேய்ப்பவள் அவள்தான்.

கிளம்புவதற்கு முந்திய நாள் சாயங்காலம். கிணற்றடியில் தேவானை தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். புருஷனும் பெண்சாதியும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தார்கள். இந்தப் பத்து நாளில் மர்சலினின் முகம் கல்யாணமான புதிதில் இருந்ததுபோல் ஆகிவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க ஸ்தனிஸ்லாசுக்கு மனம் நிறைந்தது. நிறைந்த கையோடு குத்தவும் செய்தது.

"நமக்கு இவ்வளவு சுகம் கிடைச்சுது. உங்க அண்ணன் பாவம், அந்தப் பிள்ளைங்களை வச்சிக்கிட்டு வெயில்ல கருகிட்டிருப்பார். பொய் சொல்லித் தடுத்துட்டேனே."

"நானும் தினம் அதைத்தான் நினைச்சிக்கிறேன்" என்றாள் மர்சலின். அவள் கண் கலங்கியிருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் எழுந்து நின்றார். இதற்கு ஒரே பரிகாரம்தான் உண்டு என்றார். அடுத்த மே மாதம் மச்சானைக் குடும்பத்தோடு பத்து நாளுக்கு அல்ல, ஒரு மாதம் முழுவதுக்கும் கூப்பிட வேண்டும். அவர் வர முடியாது என்றால் வேலூருக்கே போய் இழுத்துக்கொண்டு வர வேண்டும். கார் மகாபலிபுரம் வரைக்கும் போகட்டும். தானே தள்ளுவதாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே நெஞ்சு லேசாகிவிட்டது. மர்சலின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேவானை குடத்தை இறக்கி வைத்துவிட்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மச்சான்னா இப்பிடி உசுர உடறீங்களே சாமி" என்றாள். "ஒலகத்துல எல்லாரும் ஒரே மாரியா கீறாங்க? இத்தோ, பக்கத்து வூட்ல பத்து நாளா ஒரு வேலூர்க்காரர், நாலு புள்ளிங்களோட கதவ சாத்திக்கினு கீறாரு. அவுரு தங்கச்சி வூட்டுக்காரர் சாந்தோம்ல வாத்தியாராம். வருசா வருசம் கைய புட்ச்சிக்கினு, வந்தே ஆவணும்னு நிப்பாராம். போவலன்னா மரியாத இல்லன்னு போனா, அந்த வாத்தியார கார்ல ஏத்தி அவுரு ஊரையே அவுருக்குத் தெனம் சுத்தி காட்டணுமாம். இந்த வருசம் அவுரு ஊர்ல இல்ல, தப்பிச்சோம்னு கார வித்துப்புட்டு, புள்ளிங்களுக்குக் கடல காட்ட ரயில்ல வந்து எறங்கி, அந்த வாத்தியாருக்குத் தெரிஞ்சவங்க கண்ணுல படாம கொடைய புட்ச்சிக்கினு ஊர் சுத்தறாங்க. நீங்களும் மாதா கோயிலுக்குப் போறவங்க. அந்த வாத்தியாரப் பாத்தா வாயத் தொறந்துடாதீங்க சாமி, பாவம்."